இல்லாத வேலையைச் செய்யத் தவறியவள்

போன வாரக் கதையில் சமையலறை வாசலில் நாத்தனாரையும் அண்ணியையும் நேருக்கு நேர் நிற்க வைத்துவிட்டுப் போனேன். ஒரு வாரமாக இரண்டு பேரும் அப்படியே நிற்கிறார்களே என்று என்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும் கண்ணுகளா. இன்றைக்குக் கோபப்பட அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை.

நாத்தனாரைத் தெருவில் எல்லோரும் தண்ணி டாக்டர் என்பார்கள். நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இரவுப் பொறுப்பாளர். எந்த வீட்டுக்குப் போனாலும் கொடுத்த தண்ணீரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். அதனால் வந்த பெயர். கட்டினவனோடு ஒத்துவராமல், அண்ணன் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள்.

கீழே குடியிருக்கும் அண்ணிக்கு அவள் வைத்த பெயர் படக்காரி.

படக்காரியின் தொழிலைச் சொன்னால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. ஆர்க்கிடெக்ட் என்றதும் வீடு கட்டுகிறவள் என்று நினைத்து, மாடிப்படியை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று யோசனை கேட்டவர்கள் உண்டு. இவள் வீடு கட்டுவதில்லை. ஒரு பெரிய நிறுவனத்துக்குள் போய், ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து, உங்கள் மேசைக்கு வேலை எங்கிருந்து வருகிறது, உங்கள் கையை விட்டு எங்கே போகிறது, நீங்கள் லீவு போட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு, அந்த நிறுவனம் நிஜமாக எப்படி நடக்கிறது என்பதைக் கட்டமும் கோடுமாகப் படம் போட்டுக் கொடுப்பாள். ஒரு பதவிக்கு ஒரு கட்டம். ஒரு செய்தி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் ஒரு கோடு. கட்டத்துக்குள் ஆள் பெயர் எழுத மாட்டாள். பதவி மட்டும்தான்.

எப்போதும் இரண்டு படம் போடுவாள். இன்றைக்கு எப்படி நடக்கிறது என்பது இன்றைய படம். எப்படி நடந்தால் நல்லது என்பது நாளைய படம். முதல் படத்திலிருந்து இரண்டாவதுக்குப் போய்ச் சேர வழி பண்ணுவது மேலே இருக்கிறவர்களின் பொறுப்பு.

அந்தக் குடிநீர் நிறுவனமும் இவளைக் கூப்பிட்டுப் படம் போடச் சொன்னது. நாத்தனார் அங்கேயே வேலை பார்ப்பதால், வேலை விஷயம் ஒரு வார்த்தைகூட வீட்டுக்குள் வரக் கூடாது என்று படக்காரி அன்றைக்கே கட்டன்ரைட்டாகச் சொல்லிவிட்டாள். நாத்தனாரும் சிரித்துக்கொண்டே, கட்டம் போடுவதில் அப்படி என்ன ராணுவ ரகசியம் என்று கேட்டதோடு விட்டுவிட்டாள்.

அப்புறம்தான் அது நடந்தது. ஒரு ராத்திரி, கிழக்குக் குடியிருப்புக்குப் போகும் தண்ணீரில் குளோரின் கலக்கும் கருவி நின்றுபோனது. சுத்தம் பண்ணாத தண்ணீர் விடியும்வரை குழாயில் ஓடியது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகத் தெருத்தெருவாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒரு குழந்தைக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

கருவி நின்றதும் எச்சரிக்கைச் செய்தி ஒன்று தானாகக் கிளம்பியிருக்கிறது. 'சேர்ந்தது' என்றும் கணினியில் பதிவாகியிருக்கிறது. அது ஆய்வுக்கூட இரவுப் பொறுப்பாளருக்குத்தான் சேர்ந்தது, அவர் பார்த்துவிட்டும் வால்வை மூடச் சொல்லவில்லை என்றது நிறுவனம். தனக்கு எதுவுமே வரவில்லை என்று தண்ணி டாக்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். யார் காதில் விழுந்தது? வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மாடி ஜன்னலில் யாரோ கல் எறிந்தார்கள். இன்றைக்குக் கடைசி விசாரணை. அந்த எச்சரிக்கையைக் கவனிக்கும் வேலை அவளுடையதுதான் என்று முடிவானால் உத்தியோகம் போகும். அதோடு நிற்காது. அலட்சியத்தால் உயிருக்கு ஆபத்து விளைவித்தாள் என்று போலீஸ் கேஸ் ஆகும்.

காலையில் விசாரணை அறிக்கையின் நகல் வந்தது. அதன் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணி டாக்டர் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து, சமையலறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அங்கே போவோம்.

"இது யார் போட்ட படம் அண்ணி?"

படக்காரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். 'எச்சரிக்கைக் கருவி' என்ற கட்டத்திலிருந்து கிளம்பிய கோடு, அம்பு முனையோடு நேராகப் போய் 'ஆய்வுக்கூட இரவுப் பொறுப்பாளர்' என்ற கட்டத்தின் நெற்றியில் குத்தியிருந்தது.

"நான் போட்டதுதான்," என்றாள். அவள் குரல் மாறிப்போனது. "ஆனா இது நாளைய படம். இனிமே இப்படி நடக்கணும்னு போட்டது. இன்னைக்கு நடக்கிறது இது இல்ல."

"அப்போ, நாளைக்குச் செய்ய வேண்டியத அன்னைக்கே ஏன் செய்யலன்னு என்னைக் கேக்கறாங்களா?"

அதுதான் நடந்திருந்தது. அடுத்த ஆண்டு வர வேண்டிய ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, அன்றைக்கு அவள் கடமை தவறினாள் என்று எழுதியிருந்தார்கள். இல்லாத ஒரு வேலையை அவள் செய்யத் தவறியிருக்கிறாள். அதற்குச் சாட்சி, அண்ணி கையால் போட்ட கோடு.

படத்தின் மூலையில் இன்றையதா நாளையதா என்று சின்ன எழுத்தில் ஒரு வார்த்தை இருக்கும். அறிக்கையில் ஒட்டும்போது அந்த மூலை வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அது தானாக வெட்டுப்பட்டதா, யாராவது வெட்டினார்களா என்பது அவர்கள் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் படக்காரியை உறுத்தியது வேறு விஷயம். வழக்கமாக இன்றைய படத்தை நீலத்திலும் நாளைய படத்தைப் பச்சையிலும் போடுவாள். பிறந்த குழந்தைகூட வித்தியாசம் கண்டுபிடிக்கும். இயக்குநர் வாரியக் கூட்டத்துக்கு முன்னால் பொதுமேலாளர் கூப்பிட்டு, என்ன மேடம், சர்க்கஸ் போஸ்டர் மாதிரி இருக்கிறதே, எல்லாவற்றையும் கம்பெனி கலரில் மாற்றிக் கொடுங்கள் என்றார். அவள் மாற்றிக் கொடுத்தாள். அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் செய்யக் கூடாத காரியம் அது. தெரிந்தும், கலர்தானே என்று விட்டுவிட்டாள்.

அதையும் அவள் மறைக்காமல் சொன்னாள். நாத்தனார் கேட்டுக்கொண்டு நின்றாள்.

படக்காரியின் வீட்டுக்காரர் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் சத்தம் எழும்பினாலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தும், பிரேக் இருக்கிற மாதிரி. இப்போதும் அழுத்திக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க," என்றார். "மிச்சத்த அங்க போய்ப் பேசணும். இங்க இல்ல."

அவர் வண்டி கூரையில் 'பழகுநர்' என்று பலகை வைத்த வண்டி. நிறுவன வாசலில் கிழக்குக் குடியிருப்பு ஜனங்கள் தட்டிகளோடு கூடியிருந்தார்கள். உள்ளே போகும் ஒவ்வொரு காரையும் மறித்துக் கண்ணாடியைத் தட்டினார்கள். இந்த வண்டியை மட்டும், பாவம் யாரோ ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்து வழி விட்டார்கள். பின்சீட்டில் தண்ணி டாக்டர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு குனிந்திருந்தாள். ஒரு தட்டியில் அவள் படம் இருந்தது. அவள் குனிவதற்கு முன்பே பார்த்துவிட்டாள்.

விசாரணைக்கு முன்னால் பொதுமேலாளரைப் பார்க்க வேண்டும் என்று படக்காரி வரும் வழியிலேயே போனில் கேட்டிருந்தாள். அவரும் உடனே வரச் சொல்லியிருந்தார். தனக்குத்தான் அவசரம் என்று நினைத்திருந்தாள். போன பிறகுதான் தெரிந்தது, அவருக்கு அதைவிட அவசரம்.

மரியாதைக்குக் குறைச்சல் இல்லாத மனிதர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். படம் தவறுதலாக மாறிவிட்டது, சொல்லித் திருத்தினால் சரியாகிவிடும் என்று படக்காரி ஆரம்பித்தாள். அவர் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மாறவே இல்லை என்றார்.

"வாரியம் அந்தப் படத்துக்கு ஒப்புதல் குடுத்தாச்சு மேடம். ஒப்புதல் ஆயிடுச்சுன்னா அதுதான் நிறுவனத்தோட ஏற்பாடு. அவங்க தெரிஞ்சு வெச்சிருக்கணும்."

அவளிடம் யாராவது சொன்னீர்களா என்று கேட்டாள் படக்காரி. தனித்தனியாகச் சொல்லும் வழக்கம் இல்லை, நிறுவனத்தின் உள் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறோம் என்றார் அவர். எந்தப் பக்கத்தில் என்று கேட்டாள். அவர் கொஞ்சம் தயங்கி, 'எதிர்காலத் திட்டங்கள்' பக்கத்தில் என்றார்.

சொல்லிவிட்டு அவர் முகம் கொஞ்சமாவது சுருங்கியதா என்று பார்த்தாள். இல்லை.

அப்புறம் அவர் தன் கையிலிருந்த துருப்புச் சீட்டை இறக்கினார். கலரை எடுத்தது யார்? மேடம்தான். நாங்கள் கேட்டிருக்கலாம், முடியாது என்று சொல்லியிருக்கலாமே? இதெல்லாம் விசாரணையில் வந்தால் உங்கள் பெயர்தானே கெடும்? அதைவிட, இந்தப் படம் நிறுவனத்தின் ஏற்பாட்டைக் காட்டுகிறது என்று ஒரே ஒரு வரி சொல்லிவிட்டு இறங்கிவிடுங்கள். அதில் பொய் இல்லையே. உங்கள் நாத்தனாரை நான் பார்த்துக்கொள்கிறேன். கேஸ் வராமல், வேறு ஊருக்கு மாற்றலோடு முடித்துவிடலாம்.

கேட்டீர்களா நியாயத்தை? பொய் சொல்லச் சொல்லவில்லை அந்த மனிதர். 'நாளைய' என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கச் சொன்னார். அந்த ஒரு சொல்லை விழுங்கினால் ஒரு பெண்ணின் வாழ்நாள் வேலையும் மானமும் சேர்ந்து உள்ளே போய்விடும். ஊர் முழுக்கக் குழந்தைகளைச் சாகக் கொடுக்கப் பார்த்தவள் என்ற பெயரோடு அவள் வேறு ஊருக்குப் போக வேண்டும். அதற்கு நன்றியும் சொல்ல வேண்டும்.

படக்காரி எழுந்துகொண்டாள்.

"இன்னும் கட்டாத பாலத்துல ஏன் நடந்து போகலன்னு கேட்டு ஒருத்திய ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கறீங்க சார். அதுக்கு என் படத்த சாட்சிக்குக் கூப்பிடறீங்க."

அவர் வருத்தமாகச் சிரித்தார். யோசித்துச் சொல்லுங்கள் மேடம் என்றார்.

விசாரணை அறையில் நீளமான மேசை. ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருவர் முன்னாலும் நிறுவனம் தன் முத்திரை போட்ட கண்ணாடிக் குவளையில் தண்ணீர் வைத்திருந்தது. ஒருத்தியைத் தவிர யாரும் அதைத் தொடவில்லை. நீதிபதி வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டு வந்திருந்தார். நிறுவனத்தின் வக்கீல் பையிலிருந்து கடைத் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். பொதுமேலாளரும்தான். குடிநீர் கொடுக்கும் நிறுவனத்தில், குடிநீரைப் பற்றிய விசாரணையில், அந்தத் தண்ணீரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் குடித்தவள் ஒருத்திதான். அவளைத்தான் குற்றம் சாட்டியிருந்தார்கள்.

படம் போட்டவள் என்று படக்காரியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அவள் இரண்டு படங்களையும் மேசைமேல் விரித்தாள். அறிக்கையில் இருப்பது நாளைய படம், சம்பவத்தன்று நிறுவனம் நடந்தது இந்த இன்னொரு படத்தின்படி என்று சொன்னாள்.

நீதிபதி மூக்குக்கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு குனிந்தார். இதில் எச்சரிக்கைக் கோடு எங்கே போகிறது என்று கேட்டார்.

"எங்கேயும் போகல ஐயா."

கோடு பாதியில் நின்றிருந்தது. அதன் முனையில் ஒரு வட்டம், அதற்குள் கேள்விக்குறி.

"ஒவ்வொரு மேசையிலயும் கேட்டேன். அந்தச் செய்தி வேற யாருக்கோ போகுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அந்த வேற யாரோ எனக்குக் கிடைக்கவே இல்ல."

அறையில் நாற்காலிகள் அசைந்தன. வக்கீல் எழுந்தார். கெட்டிக்காரர். குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு படங்களும் ஒரே கலரில்தானே இருக்கின்றன? ஆமாம். அந்தக் கலரை மாற்றியது நீங்கள்தானே? ஆமாம். மூலையில் இருக்கும் அந்தச் சின்ன வார்த்தையைத் தவிர, எது இன்றையது எது நாளையது என்று கண்டுபிடிக்க வேறு அடையாளம் உண்டா? இல்லை. அந்த வார்த்தையை நேற்றுகூட உங்கள் கணினியில் மாற்றி எழுத முடியும், இல்லையா?

முடியும் என்றாள் படக்காரி. பொய் சொல்ல அவளுக்கு வராது.

வக்கீல் கடைசியாக, போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டார்.

"குற்றம் சாட்டப்பட்டவங்க உங்களுக்கு என்ன உறவு?"

"நாத்தனார்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நீதிபதியின் முகத்தில் அதுவரை இருந்த அக்கறை வடிந்துபோனதை எல்லோரும் பார்த்தார்கள். தண்ணி டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்தாள். சுவரோரம் பார்வையாளர் வரிசையில் மாஸ்டரின் கால் தரையை அழுத்தியது.

படக்காரிக்கு அப்போது வந்தது பயம் இல்லை. எரிச்சல். இத்தனை படித்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஊருக்கே தெரிய வேண்டிய ஒரு விஷயத்தை இரண்டு காகிதத்தில் தேடுகிறார்களே என்ற எரிச்சல். தன்மேலும் சேர்த்துத்தான்.

"என் படத்த நம்பாதீங்க ஐயா," என்றாள். "ரெண்டையும் கிழிச்சுப் போடுங்க. அந்த எச்சரிக்கைக் கருவி இன்னும் அங்கதான் இருக்கு. அத இப்போ ஒரு தடவை அடிக்கச் சொல்லுங்க. யார் கையில மணி அடிக்குதுன்னு பாப்போம்."

வக்கீல் உடனே எழுந்து ஆட்சேபித்தார். சம்பவத்துக்குப் பிறகு இணைப்பு மாற்றப்பட்டிருக்கலாம், இன்றைய சோதனை அன்றைய நிலையைக் காட்டாது என்றார். நீதிபதி கட்டுப்பாட்டு அறைப் பொறியாளரை அழைத்து, சம்பவத்துக்குப் பிறகு அந்த எச்சரிக்கை இணைப்பில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார்.

அந்த மனிதர் பொதுமேலாளரைப் பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்தார். விசாரணை முடியும்வரை எதையும் தொட வேண்டாம் என்று மேலிடத்து உத்தரவு, அதனால் யாரும் தொடவில்லை என்றார்.

"அப்படின்னா அது இன்னைக்கும் அப்படியேதான் இருக்கு?" என்றார் நீதிபதி.

"ஆமாங்க ஐயா."

நீதிபதி பிளாஸ்க் மூடியை மெதுவாக மூடினார். உடனே சோதனை செய்யுங்கள் என்று உத்தரவு போட்டார்.

ஆய்வுக்கூடத்தின் தொலைபேசியையும் கைபேசிகளையும் கொண்டு வந்து மேசைமேல் வரிசையாக வைத்தார்கள். நிறுத்தி வைத்த நாளில் பிடுங்கிக்கொண்ட தண்ணி டாக்டரின் கைபேசியும் அதில் இருந்தது. பொறியாளர் தன் கணினியில் சோதனைப் பொத்தானை அழுத்தினார். கருவி நின்றுபோனால் என்ன செய்தி கிளம்புமோ, அதே செய்தி கிளம்பியது.

காத்திருந்தார்கள். மேசைமேல் இருந்த ஒரு கைபேசிகூட அசையவில்லை.

பொறியாளர் திரையை நீதிபதியின் பக்கம் திருப்பினார். அன்றைக்கு வந்த அதே சொல் அங்கே வந்திருந்தது. 'சேர்ந்தது.'

"யாருக்கு?" என்றார் நீதிபதி.

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். பொதுமேலாளர் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பொறியாளர் கருவியின் உள்ளே பதிந்திருந்த, செய்தி போய்ச் சேரும் கைபேசி எண்ணைத் தேடி எடுத்தார். ஊழியர் எவருடைய எண்ணும் அது இல்லை. நீதிபதி அந்த எண்ணைக் கூப்பிடச் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி.

மணி அடித்தது. வெகுநேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. பின்னால் எங்கோ கதவு மூடும் சத்தம் கேட்டது. வைத்துவிட்டார்கள். மறுபடி கூப்பிட்டபோது அந்தக் கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

ஒரு பெரிய நகரம் குடிக்கும் தண்ணீருக்குக் காவலாக இருக்கும் செய்தி, யாரென்றே தெரியாத ஒரு கைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கணினியும் சேர்ந்தது, சேர்ந்தது என்று திருப்தியாக எழுதி வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நீதிபதி அங்கேயே சொல்லி எழுத வைத்தார். எச்சரிக்கையைக் கவனிக்கும் வேலை சம்பவத்தன்று ஆய்வுக்கூட இரவுப் பொறுப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை. அவர்மேல் சாட்டிய குற்றம் நிற்காது. அந்த எண் யாருடையது என்று போலீஸ் கண்டுபிடிக்கட்டும். அதுவரை இரவும் பகலும் கருவியின் பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும். உத்தரவு போட்டுவிட்டு, பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார்.

வெளித் தாழ்வாரத்தில் மாஸ்டர் தங்கையின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. வா பாப்பா, வீட்டுக்குப் போகலாம், ஜெயித்தாச்சு என்றார். நாற்பதைத் தாண்டிய தங்கை அவருக்கு இன்னும் பாப்பாதான்.

தண்ணி டாக்டர் நகரவில்லை. அண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உங்களில் பல பேர் இந்த இடத்தில் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள். நானும் அதைத்தான் எழுத ஆசைப்பட்டேன். அவள் செய்யவில்லை.

"அந்தக் கோடு எங்கேயும் போகலன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது அண்ணி?"

"படம் போடும்போதே தெரியும்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"பொதுமேலாளர்கிட்ட. வட்டம் போட்டுக் காமிச்சுக் குடுத்தேன். நாளைய படத்துல சரி பண்ணிடுங்கன்னு சொன்னார். பண்ணினேன்."

"என்கிட்ட?"

படக்காரி வாயைத் திறந்தாள். வேலை விஷயம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று பேசி வைத்திருந்ததைச் சொல்லத்தான். சொல்ல வந்தது அவள் காதுக்கே கேவலமாக இருந்தது. மூடிக்கொண்டாள்.

"ஒரே வீட்டுல இருக்கோம்," என்றாள் நாத்தனார். குரல் உயரவே இல்லை. "உப்பு தீந்துபோச்சுன்னா மாடி ஏறி வந்து சொல்வீங்க. ஊருக்குப் போற தண்ணிக்குக் காவலே இல்லன்னு தெரிஞ்சுக்கிட்டு, தினம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ராத்திரி ராத்திரி நடந்து போயாவது அந்தக் கருவிய பாத்துட்டு வந்திருப்பேன்."

மாஸ்டர் குறுக்கே வந்தார். விடு பாப்பா, அவள்தானே இன்றைக்கு உன்னைக் காப்பாற்றினாள் என்றார்.

"என்னைக் காப்பாத்தினாங்க. இல்லன்னு சொல்லல. அந்தப் பிள்ளைய?"

தாழ்வாரத்தின் கோடியில் பக்கவாசல். அதற்கு வெளியே தட்டிகளோடு நின்ற கூட்டம். தண்ணி டாக்டர் முக்காட்டை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். எங்கே போகிறாய், அடித்துவிடுவார்கள் என்று அண்ணன் பின்னாலேயே ஓடினார். அவள் திரும்பாமல் சொன்னாள், அவர்கள் உள்ளே நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும், நாளைக்கு நிறுவனம் வேறு கதை கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று. அப்புறம் நின்று, அண்ணியைப் பார்த்தாள்.

"நான் சொன்னா, தப்பிச்சுக்கப் பேசறேன்னு சொல்வாங்க. நீங்க வந்து சொல்லுங்க."

படக்காரியின் ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. நிறுவனத்துக்குள் கண்டதை வெளியில் பேசினால், இந்தத் தொழிலில் இனி ஒரு நிறுவனமும் அவளை வாசலில் ஏற்றாது. பொதுமேலாளர் தாழ்வாரத்தின் மறுகோடியில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரி அவருக்கும் தெரியும்.

இரண்டு படங்களையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படக்காரி பக்கவாசலுக்கு நடந்தாள்.

வெளியே வந்ததும் முதலில் தண்ணி டாக்டரைத்தான் அடையாளம் கண்டுகொண்டார்கள். அவள்தான், அவள்தான் என்று கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்தது. தட்டியில் இருந்த முகமும் எதிரில் நின்ற முகமும் ஒன்றாக இருந்ததில் சிலர் ஒரு கணம் தடுமாறினார்கள். முன்வரிசையில் நின்ற ஒரு பெண், ஆஸ்பத்திரியிலேயே பல இரவுகள் உட்கார்ந்திருந்த முகம், அவளைத் தாண்டி படக்காரியைப் பார்த்தாள். நினைவு திரும்பாத அந்தக் குழந்தையின் அம்மா.

"நீங்க யாரு? இவங்களுக்கு வக்கீலா?"

"இல்லம்மா," என்றாள் படக்காரி. "இவங்க மேல தப்பு இல்ல. எச்சரிக்கைச் செய்தி இவங்களுக்கு வரவே இல்ல. அது சரியான இடத்துக்குப் போகலன்னு கண்டுபிடிச்சவ நான்."

அந்தத் தாய் கையிலிருந்த தட்டியைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு, இன்னும் ஓர் அடி கிட்டே வந்தாள்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.